செவ்வாய்க்கிழமைச் சட்டை

பிள்ளைகளா, செவ்வாய்க்கிழமை மட்டும் அப்பா ஏன் நீலச் சட்டையில் ஆட்டோ ஓட்டினேன் என்று கேட்டீர்களே, ஸ்டாண்டில் யாரோ சிரித்ததைக் கேட்டுவிட்டு. ஊர் திரித்துச் சொல்வதை நம்பாதீர்கள். நடந்ததை நானே சொல்கிறேன்.

திருப்புலிவனத்தில் தன் அக்காவோடு வாடகை வீட்டில் இருக்கும் இலங்கை அம்மாவை உங்களுக்குத் தெரியும். அங்கே சண்டைக் காலத்தில் சீருடை போட்ட ஆண்கள் அவர் உடம்பைச் சிதைத்தார்கள். இத்தனை வருடம் கழித்துத்தான் காஞ்சிபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசப் போக ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமைதோறும் அவரை அழைத்துவரும்படி டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

முதல் நாள் அந்த அம்மா வண்டியில் ஏறவில்லை. என் காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உந்தச் சேட்டோட நீங்கள் முன்னால இருந்தா என்னால வர ஏலாது."

மேலே மாட்டியிருந்த காக்கியைக் கழற்றி, மடித்து, என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். உள்ளே போட்டிருந்த நீலச் சட்டையோடு ஓட்டினேன். வாரங்கள் போகப் போக, திரும்பி வரும்போது ஏரி மீன் என்ன விலை என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு செவ்வாய், டாக்டரிடம் போகும் வழியில், ஓரிக்கையில் போலீஸ்காரர் மறித்தார்.

"இன்னாய்யா, கல்யாண மாப்ள மாதிரி வர்றே? காக்கி எங்க?"

"தொவைக்கப் போட்டுக்கீது சார்."

"சீட்டைத் தூக்கு."

தூக்கினேன்.

"இது இன்னா, உன் பாட்டன் வேட்டியா? மாட்டிக்கினு கெளம்பு."

"ஃபைன் போடுங்க சார். மாட்ட மாட்டேன்."

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீ? இவன் இன்னாத்துக்கு இப்பிடி மொறச்சிக்கிறான்?"

காரணத்தைச் சொன்னால் பக்கத்து டீக்கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும். "ஃபைனைப் போடுங்க சார்" என்றேன் மறுபடியும். அந்த அம்மாவே இறங்கினார்.

"அவரை விடுங்கோ ஐயா. நான்தான் கழட்டச் சொன்னனான். இப்பிடி உடுப்புப் போட்ட ஆக்கள்தான் சண்டையில என்னைக் கெடுத்தவை."

மூடிய அறைக்குள் டாக்டரிடமே முழுதாகச் சொல்ல முடியாததை, என் ஒரு சட்டைக்காக நடுரோட்டில் சொன்னார்.

"சரி, போ போ" என்றார் போலீஸ்காரர். அபராதம்கூடப் போடவில்லை. போட்டுத் தொலைத்திருக்கலாம். அந்த அம்மா வண்டியை வீட்டுக்கே திருப்பச் சொல்லிவிட்டார்.

மறுநாளே ஸ்டாண்டில் ஒருவன், "இன்னா மச்சி, காக்கியக் கண்டா உன் சவாரி அலறுதாமே!" என்றான். வீட்டுச் சொந்தக்காரர் அந்த அம்மாவின் அக்காவிடம், "ஆளாளுக்கு வந்து எட்டிப் பாக்குறாங்க, பேஜாரா கீது. வேற வூடு பாத்துக்கங்க" என்றாராம். அங்கே அவரைச் சிதைத்த பாவிகளைத் திட்ட மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அந்த அம்மா டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த செவ்வாய், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, நீலச் சட்டையோடு திருப்புலிவனம் போனேன். சீட்டுக்கு அடியிலும் காக்கி இல்லை. வீட்டிலேயே விட்டுவிட்டேன். அவர் வாசலுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரைப் பார்க்கும் நேரம் தாண்டியது. காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.