காட்டுப் பாதையில் பின்னோக்கிப் போன கார்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆறாவது வாரம் கணவரும் மாமியாரும் நானும் நாத்தனாரைப் பார்க்கக் கிளம்பினோம். கணவரின் அண்ணன் பர்மாவிலிருந்து வந்தபோது வாங்கிய கார் வீட்டில் நின்றது. என் கணவர் அதை ஓட்டக் கற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

நாத்தனார் ஊருக்குப் போகக் கப்பிக்கல் போட்ட நல்ல சாலை இருந்தது. ஆனால் கணவர், "காட்டு வழியாப் போவோம். மயில் பாக்கலாம்" என்றார். நார்த்தாமலைப் பக்கத்துக் காட்டுக்குள் போகும் மண்பாதை அது. அந்தக் காலத்து ராஜாக்கள் வேட்டைக்குப் போவதற்காகப் போட்டது என்று சொல்வார்கள். மூங்கில் படலைத் திறந்துவிட்ட காட்டுக் காவலர், "பாத்துப் போங்க, ஒரு வண்டி போற அகலந்தான்" என்றார்.

மலை என்றதும் மேகத்தைத் தொடும் மலை என்று எண்ணிவிட வேண்டாம். யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற பாறைக் குன்றுகள்தான். ஆனால் அதுவரை மாட்டுவண்டியில் மட்டுமே போயிருந்த எனக்கு அதுவே பெரிய உயரம். செம்மண் பாதை பாறையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஆவாரம் பூத்துக் கிடந்தது. மயில்களும் வந்தன. முதல் மயிலைப் பார்த்ததும் மாமியார் கைகூப்பினார். ஏழாவது மயிலுக்கு, "போதும் போ" என்றார்.

உச்சியில் ஒரு சுனையும் அதை ஒட்டிச் சமதளமும் இருந்தன. அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில், விறகு ஏற்றிய நாலு மாட்டுவண்டிகள் எதிரே ஏறி வந்தன. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். கணவர் காரை நிறுத்தினார்.

முதல் வண்டிக்காரர் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். "ஐயா, சுனை வரைக்கும் பின்னால எடுங்க. பாரவண்டி, எங்களால திரும்ப முடியாது."

கணவர் இறங்கி, முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலே. எனக்குப் பின்னால எடுக்கத் தெரியாது" என்றார் மெல்ல.

"வீட்லேர்ந்து எப்படி எடுத்தீங்க?"

"ஓட்டக் கத்துக்கொடுத்த டிரைவர் வந்து தெருவுல திருப்பி நிறுத்திட்டுப் போனாரு."

அதற்குள் நாலு வண்டிக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எஞ்சினில் என்ன கோளாறு என்று அவர்களும் குனிந்து பார்த்தார்கள். மாடுகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. "எஞ்சின் நல்லாத்தான் இருக்குங்க. அவுகளுக்குப் பின்னால ஓட்டத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கல்யாணமாகி ஆறு வாரந்தான் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. முதல் வண்டிக்காரர் தலையாட்டினார். "அதுக்கென்னங்க, எங்க மாட்டுக்குந்தான் தெரியாது."

அவர்களே வழியும் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஜோடி மாடுகளை அவிழ்த்து, பாறையோரமாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, காரின் பின்பக்கம் வடக்கயிற்றால் பூட்டினார்கள். இரண்டு பேர் முன்னால் நின்று தள்ளத் தயாரானார்கள். முன்சீட்டில் இருந்த மாமியாரை இறங்கச் சொன்னதற்கு, "சாமியை எறக்கிவிட்டுட்டுத் தேரை இழுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கணவர் வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பின்னால் நடந்து, "இங்கிட்டு, இன்னும் இங்கிட்டு, போதும்" என்று கை காட்டினேன். அவர் ஒவ்வொரு முறையும் முதலில் அங்கிட்டுத் திருப்பி, பிறகு இங்கிட்டுத் திருப்பினார். கார் ஆடி ஆடி ஏறியது. சமதளம் நெருங்கும்போது அவருடைய முழங்கை ஹாரனின் ரப்பர் பந்தை அழுத்திவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மாடுகள் மிரண்டு ஓட்டமெடுத்தன. நான் பாறைமேல் தாவி ஏறிக்கொண்டேன். கார் என்னைக் கடந்து போனது. மாமியாரின் கொண்டை அவிழ்ந்து பறந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

சுனையருகே மாடுகள் தாமாகவே நின்றன. வண்டிகளை மேலே ஏற்றிய பிறகு எல்லாரும் அங்கேயே உட்கார்ந்தோம். எங்கள் புளிச்சோற்றை அவர்களுக்கும் இலையில் வைத்தேன். அவர்கள் மடியிலிருந்த நெல்லிக்காய்களைக் கொடுத்தார்கள். கீழே கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் மின்னின. இத்தனை கண்மாய்கள் நம் சீமையில் உண்டா என்று வியந்து, எண்ணி எண்ணித் தோற்றேன்.

கைகழுவப் போனபோது கணவரிடம், "கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லே. நீ சொல்லலேன்னா இன்னமும் எஞ்சினைத்தான் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்" என்றார்.

நாத்தனார் வீடு சேர்ந்ததும் நடந்ததைக் கணவரே, மாடு மிரண்டதை நடித்துக் காட்டிச் சொன்னார். கோடையில் கண்மாய் வற்றியதும் அதற்குள் காரை இறக்கிப் பின்னோக்கி ஓட்டப் பழகினார். தினமும் கூடப் போய்க் கை காட்டிய எனக்கும் ஆசை வந்தது. கேட்டேன், மறுபேச்சில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் நான் கண்மாய்க்குள் வட்டமடித்து ஓட்ட, பக்கத்தில் அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கரையில் மாமியார் தன் முறைக்காகக் காத்து நின்றார்.