விடுப்புக்கு முன்பே வந்த துணை

சென்ற ஐப்பசியில், அடைமழை பிடித்திருந்த ஒரு காலைப் பொழுதில், மஸ்கட்டிலிருந்து எங்கள் மருமகனின் அலுவலகத்தார் தொலைபேசியில் அழைத்தார்கள். சாலை விபத்து. மருமகன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். உடன் சென்ற என் மகள் தேன்மொழி இடுப்பெலும்பு முறிந்து, நினைவின்றி மருத்துவமனையில் கிடந்தாள்.

நான் கல்லூரியில் வணிகவியல் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். வீட்டுத் துயரத்தைப் பிறர் வாயில் விழவிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நம் குலதெய்வம் அங்காள ஈஸ்வரியின் பிள்ளைகளாகிய உங்களுக்கு மட்டும், அவளுக்கு நான் செலுத்த வேண்டிய சாட்சியாக இதை எழுதுகிறேன்.

எனக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. விமானப் பயணத்துக்கு மருத்துவர் இசையவில்லை. மனைவி ராஜாமணிக்குப் பாஸ்போர்ட் இல்லை. மருமகனுக்குப் பெற்றோர் இல்லை. போகக்கூடியவன் ஒருவனே. ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கும் என் மகன் ராஜவேல். அவனோ அப்போதுதான் மாற்றலாகி, வடகிழக்கு எல்லையில் ஒரு புதிய யூனிட்டில் சேர்ந்திருந்தான்.

"அப்பா, ஊருக்கு வர்றதுன்னா இன்னைக்கே விட்டுருவாக. வெளிநாடுன்னா மேல வரைக்கும் போயி அனுமதி வரணும். என் பேப்பரெல்லாம் இன்னும் பழைய யூனிட்டுலதான் கெடக்கு. இங்கன என்னைய யாருக்கும் தெரியாது. வந்து சேந்ததும் வெளிநாட்டு லீவு கேக்குறவன என்னான்னு நெனப்பாக?"

அவன் குரல் உடைந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

செய்தி எப்படியோ பரவியது. ஓடைப்பட்டியிலிருந்து வந்த என் மைத்துனர், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்டார்: "மகன் பட்டாளத்துல பெரிய ஆளும்பீகளே மச்சான். ஒரு லீவு வாங்க முடியலையாக்கும்?"  

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். நம் கோயிலில் பூக் கேட்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் இசைவு. சிவப்பு என்றால் மறுப்பு. படித்தவன் என்ற எண்ணத்தில் நான் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. அன்று நின்றேன்.

"என் மகனுக்கு விடுப்புக் கிடைக்குமா?"

பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கேட்டதையே மறுபடி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ராஜாமணி நகரவில்லை.

"எங்க போறீக? நமக்கு வேண்டியது லீவா, புள்ளையா? லீவக் கேட்டாச்சு, இல்லைன்னுட்டா. புள்ளைக்குத் துணை வருமான்னு கேளுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணு. ஆத்தாளுக்கும் ஒண்ணான்னு கேட்டுப் பாப்போம்."

பூசாரி சிரித்துவிட்டார். "கணக்கு வாத்தியாரு நீங்க. கணக்கு அக்காகிட்டல்ல இருக்கு."

கேட்டேன். வெள்ளை வந்தது. அந்த ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். என் மகள் அந்நிய மண்ணில் யாருமற்றுக் கண் விழிக்கக் கூடாது, தாயே. வேறெதுவும் கேட்கமாட்டேன். அவ்வளவுதான் வேண்டினேன்.

மறுநாள் ராஜவேல் அழைத்தான். புதிய யூனிட்டின் அதிகாரி அவன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, மேலே அனுப்புவதாகவும் எப்போது வரும் என்று சொல்ல இயலாது என்றும் கூறியிருக்கிறார். வெளியே வந்தவனை அங்கிருந்த சுபேதார் நிறுத்தியிருக்கிறார். அவர் நம் மலைக்கு மேலே கேரள எல்லையிலுள்ள குமுளிக்காரர். விண்ணப்பத்தில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"நீ கம்பம் பக்கமா? எந்த ஆஸ்பத்திரி, அதச் சொல்லு. என் தங்கச்சி மஸ்கட்டுல நர்ஸாக்கும். லீவு வரும்போது வரட்டும். அவ இப்பப் போவா."

அவள் போனாள். தன் மருத்துவமனையில் பணி முடிந்ததும் நேரே என் மகளின் படுக்கைக்கு வந்து அமர்ந்தாள். அறுவை சிகிச்சையின்போது வெளியே காத்திருந்தாள். தேன்மொழி கண் விழித்தபோது முதலில் கேட்டது தமிழ். "பயப்படாத, நான் குமுளிக்காரி. உங்க ஊர் பஸ்ஸுலதான் காலேஜுக்குப் போனேன்" என்றாளாம்.

கணவர் இறந்த செய்தியைச் சொன்னவளும் அவளே. பெற்ற எங்களுக்கு அந்தத் துணிவு இல்லை. என் மகள் கதறியபோது பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. அதை அனுப்பியவள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த விண்ணப்பத்தை ராஜவேல் கொண்டுபோய்க் கொடுக்காதிருந்தால் சுபேதாருக்கு எங்களைத் தெரிந்திராது.

விடுப்பு வந்தது, மிகத் தாமதமாக. தங்கையைப் படுத்த படுக்கையாகவும் அவள் கணவரின் உடலைப் பெட்டியிலுமாக ராஜவேல் ஒரே விமானத்தில் கொண்டுவந்தான். மருமகனின் ஊரான சுருளிப்பட்டியில் மழைக்கு நடுவே எரியூட்டினோம். பெட்டியைத் திறந்து முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ராஜவேல் சொன்னான். நான் பார்க்கவில்லை.

தேன்மொழி இப்போது எங்களோடு இருக்கிறாள். ஊன்றுகோலுடன் நடக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. அவளுடைய வெறும் நெற்றியை நேராகப் பார்க்க எனக்கு இன்னும் இயலவில்லை. அம்மன் எல்லாவற்றையும் திருப்பித் தந்தாள் என்று நான் எழுதமாட்டேன், அது பொய்யாகும். ஆனால் என் பிள்ளை தனியே கிடக்கவில்லை.

வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறேன். வரிசையில் எல்லாரோடும் நிற்கிறேன். உங்களில் எவருக்கேனும் சிவப்புப் பூ வந்தால் உடனே எழுந்து போய்விடாதீர்கள். உண்மையில் உங்களுக்கு வேண்டியது எதுவோ, அதைக் கேளுங்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள்.