வெளியேறும் விதியை எழுதச் சொன்னவர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை பரமத்தி வேலூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நாமக்கல்லிலிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி வந்து, "உங்க தலைவர் கருப்பண்ணன் நேத்து போயிட்டாருங்களாம்" என்றார். அவர் பதவியை விட்டு இறங்கி இரண்டு வருஷமாகிறது. ஜனங்களுக்கு அவர் இன்னும் தலைவர்தான்.

உங்களில் பலர் அவரை மேடையில் பார்த்திருப்பீர்கள். வெண்ணந்தூர் நெசவாளி. எங்கள் சமதர்மத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அவர் தலைவர், நான் காரியதரிசி. நெசவாளர், கரும்புத் தொழிலாளர், வெற்றிலைத் தோட்டக் கூலிகள் என்று ஊர்ச் சங்கங்கள் பல சேர்ந்த அமைப்பு அது. அந்நாளில் வட்டாரத் தலைவர்களைச் சேலம் தலைமை ஆபீஸிலிருந்து நாங்களே நியமிப்போம்.

யுத்த காலத்தில் இதே பரமத்தி வேலூரில் நடந்த கூட்டத்தில் வெற்றிலை பறிக்கும் ராமாயி எழுந்து நின்றாள். "எங்க தலைவரை நீங்க எதுக்குங்க போடோணும்? அவரு ஒரு நாள் எங்க கூட வெத்தலைக் கொடிக்காலுக்குள்ள வந்ததில்லீங்க" என்றாள். திரும்பும் வழியில் கருப்பண்ணன் சம்மேளனச் சட்டதிட்டத்தை மாற்றி எழுதச் சொன்னார். வட்டாரத் தலைவரை இனி வட்டாரமே தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் விரும்பினால் ஒரு சங்கம் சம்மேளனத்தை விட்டு விலகலாம்.

இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, கதவைத் தொறந்து வெச்சா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க" என்றேன்.

"போக முடியாம இருக்கறவனை எப்படி சாமி சேர்ந்திருக்கான்னு சொல்றது?" என்று கேட்டார். எழுதினேன்.

அந்த விதியை முதலில் கையிலெடுத்தது வெண்ணந்தூர் நெசவாளர் சங்கம். நூல் தட்டுப்பாட்டில் தறிகள் நின்றபோது சம்மேளனம் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலேயே முனைந்திருந்தது. நெசவாளர்களுக்குக் கோபம். விலக வேண்டும் என்று முன்னின்றவர் கருப்பண்ணனின் சொந்தத் தம்பி சின்னண்ணன். தேவையானதைவிட இரண்டு ஓட்டு அதிகம் விழுந்தது.

விலகச் சொன்ன ஓட்டுகளில் மூன்று கைநாட்டுகள் தெளிவாக இல்லை, தள்ளிவிடலாம் என்றார்கள் கமிட்டியில். நானும் அதைத்தான் சொன்னேன். "வேண்டாம்னு போட்டவங்க கைநாட்டும் அப்படித்தானுங்க இருக்குது. அதைப் பத்தி ஒருத்தரும் பேசலீங்களே" என்றார் கருப்பண்ணன். முடிவை அவரே வாசித்தார். குரல் சற்றுக் கம்மியது.

விலகிய சங்கத்தின் உறுப்பினர் சம்மேளனப் பதவியில் இருக்க முடியாது. அதுவும் அவர் எழுதச் சொன்ன விதிதான். சேந்தமங்கலம் சங்கத்தில் பெயரைப் பதிந்துகொண்டு தலைவராகவே இருங்கள் என்று கெஞ்சினோம். "நான் தறி போட்டிருக்கறது வெண்ணந்தூர்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

வெண்ணந்தூர் இன்றுவரை திரும்பி வரவில்லை. சாவுக்குப் போயிருந்தபோது சின்னண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் எனக்கு எதிராத்தானுங்க ஓட்டுப் போட்டாரு. மறுநாள் காலைல நூல் கேக்கற மனுவை எழுதிக்கிட்டு, எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கறாருங்க" என்றார்.

மோகனூர்ச் சங்கத்திலிருந்து வந்த விலகல் கடிதம் ஒன்று பத்து நாட்களாக என் மேஜைக்குள் கிடந்தது. யாருக்கும் காட்டவில்லை. நேற்று அதை எடுத்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் விஷயமாகக் குறித்தேன். பிடிக்காத முடிவையும் முழுதாக வாசித்துக் காட்டும் அந்த வழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். குரல் கம்மினால் கம்மட்டும்.