அப்பாவின் அர்ச்சனையில் சுனில்

இன்று காலை வெள்ளவத்தைக் கோயிலில் ஒரு லொறி டிரைவருக்கு அர்ச்சனை செய்துவிட்டேன்!

செய்யப் போனது என் அப்பாவுக்கு.

அப்பாவுக்கு இன்று களுபோவில ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். காலையிலேயே தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்த என்னை, "கோயிலுக்காவது போயிட்டு வாங்கோ அக்கா, நான் இருக்கிறன்" என்று தம்பி துரத்திவிட்டான்.

போனேன். ஆனால் காதில் இயர்பட்!

ஒருகொடவத்தை யார்டில் எங்கள் ஒபிஸ் கொண்டெய்னர் ஒன்று கேட்டைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. லீவு போட்டும் மனேஜர் சேர் போனை விடுவதாக இல்லை. (லீவு என்றால் வெளியில் நின்று வேலை செய்வது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.)

அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன். ஐயர் வந்தார்.

"ஆற்ற பேருக்கு?"

அதே நேரம் காதுக்குள் சேர்: "லொறியில ஆர் போனது?"

"சுனில்!" என்றேன்.

"நட்சத்திரம்?" இது ஐயர்.

"இப்ப எங்க நிக்கிறான்?" இது சேர்.

"தெரியேல்ல, கேட்டுச் சொல்லுறன்."

"பரவாயில்ல பிள்ளை" என்று ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சுனில் நாமதேயஸ்ய..." என்று கணீரென்று கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது!

அவர் வெளியே வந்ததும் பதறிப்போய்ச் சொன்னேன்: "ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சுனில் எங்கட லொறி டிரைவர். அர்ச்சனை அப்பாவுக்கு!"

ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (என் வயதுதான் இருப்பார்.) "அதுக்கென்ன, அவரும் நல்லா இருக்கட்டும். அப்பாட பேரைச் சொல்லுங்கோ."

சேர் இன்னும் கதைத்துக்கொண்டே இருந்தார். இயர்பட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

"சிவபாதம்" என்றேன். "பூராடம்."

ஐயர் திரும்பவும் உள்ளே போனார்.

நாங்கள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்களா? இந்த வாரம் முழுக்க அவர் எனக்கு ஒரு வார்ட் நம்பர், ஒரு ஸ்கான் ரிப்போர்ட். அந்தப் பெயரை என் வாயால் சொன்னதும்தான், இவர் போய்விடுவாரோ என்ற பயம் நெஞ்சில் வந்து இறங்கியது. அதுவரை பயப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மணி அடித்தது. வெளியே காலி வீதியில் பஸ்களும் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் இருந்தன. சாமியிடம் கேட்க எவ்வளவோ யோசித்து வந்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. கண்ணீர் வழிய வழியச் சும்மா நின்றேன்.

பயம் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றவில்லை.

பின்னேரம் அப்பா கண் விழித்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

"கோயிலுக்குப் போனனியோ? எனக்கு என்ன கேட்டனி?"

"ஒண்டும் கேக்கேல்ல அப்பா. உங்கட பேரைச் சொன்னன். பிறகு கதை வரேல்ல."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரைச் சொன்னனியெல்லே? அப்ப அதுவே காணும்."

பி.கு.: சுனிலின் லொறியும் கேட்டைத் தாண்டிவிட்டது! அவனுக்கும் கொஞ்சம் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன்.