இடது தோளில் விசில்

முப்பத்தாறு இருக்கைகள் உள்ள அந்தச் சிறிய விமானத்தில் சாய்ட்சு மிஹோகோ ஒருத்திதான் பணிப்பெண். ஜப்பானின் கோபுசே தீவிலிருந்து ககோஷிமா நகரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, போக வர நாலு தடவை. பத்தொன்பது வருடங்களாக இதுதான் அவள் பிழைப்பு.

ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் முன்வரிசைக்கு எதிரே போய் நிற்பாள். மேலே ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஒன்று பேசும். அது பேசப் பேச இவள் கைகள் செய்துகாட்டும். பெல்ட்டை இப்படி மாட்ட வேண்டும், இப்படிக் கழற்ற வேண்டும். கதவுகள் இங்கேயும் அங்கேயும். கடலில் இறங்க நேர்ந்தால் மஞ்சள் மிதவைச் சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு இடுப்பில் வாரைக் கட்ட வேண்டும். வெளியே போன பிறகுதான் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும். காற்று போதாவிட்டால் குழாயில் ஊத வேண்டும். கடைசியில் விசில். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த மூன்று நிமிடமும் தீவுக்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவர் மடியில் இருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்ப்பார். ஒருவர் தன் கை நகத்தைப் பார்ப்பார். தொண்ணூறு வயதுக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லாருக்கும் ஒரே பழக்கம். மிஹோகோ அதைக் குறையாக நினைத்தது கிடையாது. யாரும் பார்க்காததால்தான் பத்தொன்பது வருடம் அவளால் நிற்க முடிந்தது.

அந்த வருடம் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பயணிகள் செயல்விளக்கத்தைக் கவனிக்கிறார்களா என்று எல்லா வழித்தடத்திலும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணுவதற்கு குசுனோகி என்பவரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர். கையில் அடங்கும் எண்ணும் கருவி ஒன்று வைத்திருந்தார். சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணுகிறவர்கள் வைத்திருப்பது போன்றது. விமானிகளின் கதவை ஒட்டி இருந்த மடக்கு இருக்கையில் பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, நிமிர்ந்த முகம் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

முதல் பயணத்தில் முப்பத்தொரு பேரில் நாலு பேர். அந்த நாலு பேரும் மீன் பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள். இரண்டாவது பயணத்தில் இருபத்தேழு பேரில் ஆறு.

"மூணு தடவை எண்ணுவோம் சாய்ட்சு-சான். ஒரு தடவையாவது பாதிப் பேருக்கு மேல பாத்திருக்கணும். இல்லன்னா ஆளை மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு ககோஷிமாவுல தொலைஞ்ச பெட்டிங்க பிரிவுல இடம் இருக்கு. திங்கக்கிழமை காலைல கடைசித் தடவை" என்றார் குசுனோகி. சொல்லிவிட்டு அவரே தலை வணங்கினார்.

"சரிங்க" என்றாள் மிஹோகோ.

ககோஷிமா என்றால் தீவு வீட்டைப் பூட்ட வேண்டும். பெட்டியைத் தொலைத்துவிட்டு அழுகிறவர்களுக்கும் கத்துகிறவர்களுக்கும் நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். விமானத்தில் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குரல் பேசும், கைகள் செய்யும், முடிந்தால் கீழே கடல். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அது போகப்போகிறது என்று தெரிந்தும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போவது போல உள்ளே எதுவோ மரத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் ஒஸாகாவுக்குப் போனான். திரும்பி வரமாட்டேன் என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னான். தீவிலிருந்து கப்பல் வாரத்துக்கு இரண்டு நாள்தான். அன்றைக்குக் கப்பல் இல்லை. அதனால் அவள் வேலை செய்யும் விமானத்திலேயே ஏறினான். ஐந்தாவது வரிசை, ஜன்னல் ஓரம். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்று அவனுக்கும் சேர்த்து அவள் செய்துகாட்டினாள். அவனும் மற்றவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். இறங்கும்போது எல்லாருக்கும் சொல்வதைப் போல அவனுக்கும், எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி என்று சொன்னாள். அதற்கப்புறம் மிசோ சூப் சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்பதுகூடக் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தீவு விமான நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் ஒரே மேசையில் தமாயோ இருந்தாள். பள்ளிக்கூடத்தில் மிஹோகோவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். வாய் ஓயாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஹோகோ சீருடைத் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் நான் ககோஷிமாவுல இருப்பேன் போல" என்றாள். தமாயோ விடவில்லை. பிடுங்கிப் பிடுங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு பேர் பாத்தாங்க?"

"நாலு. அப்புறம் ஆறு."

"அடிப்பாவி, என் சமையலைக்கூட இதைவிட அதிகம் பேரு சாப்பிடுவாங்களே."

"ம்."

"என்னடி ம்? பதறுடி கொஞ்சம். மேசையைத் தட்டு. அந்த ஆளைத் திட்டு."

"திட்டினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. எனக்குக் கேக்க நல்லா இருக்கும்" என்றாள் தமாயோ. பிறகு திங்கட்கிழமைப் பட்டியலை எடுத்து விரலால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகத் தடவினாள். இருபத்தொன்பது பேர். எல்லாம் தீவுக்காரர்கள். திங்கள் காலை விமானத்துக்கு ஆஸ்பத்திரி விமானம் என்றுதான் பெயர்.

மிஹோகோ அந்த விரலைப் பார்த்தாள். தமாயோ என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தாள்.

திங்கட்கிழமை காலை லேசான தூறல். குசுனோகி குடையை மடக்கிக்கொண்டு முதலில் ஏறி, மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். பயணிகள் ஏறினார்கள். கண் ஆபரேஷனுக்குப் போகும் ஃபுஜினோ அம்மாள் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கக் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்தார். மீன்பிடி வேலையை விட்டுவிட்ட முதியவர் கென்சாகு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் வானிலையைப் பற்றி ஏதாவது சொல்வார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள், குடும்பப் படம் எடுக்கும்போது உட்காருவது போல.

கதவு சாத்தியாயிற்று. மிஹோகோ எதிரே போய் நின்றாள். ஒலிபெருக்கியில் குரல் தொடங்கியது.

இருபத்தொன்பது முகங்களும் நிமிர்ந்தன.

ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை. ஃபுஜினோ அம்மாள் புரை விழுந்த கண்ணை அகலத் திறந்து, கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். மிஹோகோவுக்குப் பின்னால் எண்ணும் கருவி டக் டக் டக் என்று நிற்காமல் அடித்தது. பத்தொன்பது வருடத்தில் மிஹோகோவை இத்தனை பேர் சேர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை மாட்டிக் காட்டினாள். கழற்றிக் காட்டினாள். கதவுகளைக் காட்டினாள். அதுவரை சரியாகத்தான் போயிற்று. மஞ்சள் சட்டையைத் தலைவழியாகப் போட்டு வெளியே முகத்தை எடுத்தபோது இருபத்தொன்பது பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுட்டது. காது மடல்வரை சுட்டது. கைகள் யாருடையவோ போல இடுப்பு வாரிலேயே நின்றுவிட்டன.

குரல் நிற்கவில்லை. சிவப்புப் பிடி என்றது. இவள் கை வாரில். ஊதும் குழாய் என்றது. கை வாரில். விசில் என்றது. அடுத்து எது என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை, சுத்தமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது.

"விடு, வாரை விடு" என்றார் கென்சாகு, உதடு அசையாமல்.

அவள் விட்டாள்.

கென்சாகு தன் வயிற்றின் ஓரத்தில் இல்லாத பிடி ஒன்றைப் பிடித்துக் கீழே இழுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் இல்லாத குழாயைத் திருப்பி வாயில் வைத்தார். நாலாவது வரிசையில் ஃபுஜினோ அம்மாளின் கை இடது தோளுக்குப் போய் அங்கே எதையோ எடுத்தது. அவருக்குப் பின்னால் இன்னும் பல கைகள் இடது தோளுக்குப் போயின. வலது தோளுக்குப் போன ஒரு கையைப் பக்கத்தில் இருந்தவர் தட்டிவிட்டார்.

"இடது பக்கம்யா, இடது பக்கம்."

விசில் எந்தத் தோளில் இருக்கிறது என்று அந்தக் குரல் ஒருநாளும் சொன்னதில்லை. மிஹோகோவின் கைகள்தான் காட்டும்.

அவள் அவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பிடி, குழாய், விசில். குரல் எப்போதோ முடிந்திருந்தது. அமைதியில் செய்து முடித்துவிட்டுத் தலை வணங்கினாள். இருபத்தொன்பது பேரும் உட்கார்ந்தபடியே திரும்ப வணங்கினார்கள். யாரோ கை தட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ககோஷிமாவில் இறங்கிய பிறகு குசுனோகி மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். தாளில் இருபத்தொன்பது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, வரிசை மாறியது, காட்டத் தவறியது என்று எழுதும் கட்டத்தின் மேல் பேனாவை வைத்திருந்தார்.

"நீங்க சொல்லி வச்சீங்களா?"

"நான் சொல்லலை."

"அப்ப யாரு?"

அவள் மஞ்சள் சட்டையை மடிக்கத் தொடங்கினாள். மடித்துக்கொண்டே, "சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். தடுக்கலை" என்றாள்.

"நடுவுல நிறுத்தினீங்களே, அது வேணும்னு நிறுத்தினதா? பயணிகளைச் செய்ய வைக்கறதுக்காக?"

அப்படித்தான் என்று சொன்னால் போதும் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. பேனாவைத் தாளிலிருந்து தூக்கியும் வைத்திருந்தார்.

"மறந்துட்டேன்" என்றாள் மிஹோகோ.

கென்சாகு இன்னும் இறங்கவில்லை. மேல்தட்டிலிருந்து பையை இறக்குவது போல வெகுநேரமாக அதையே துழாவிக்கொண்டிருந்தார். குசுனோகி அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? மத்த நாள்ல ஏன் யாரும் பாக்கறதில்லை?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. தெரிஞ்ச வீட்டுப் பொண்ணு. தனியா நின்னு வேலை செய்யுது. அதைப் போய் எல்லாருமா முறைச்சுப் பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா? நீங்க சாப்பிடறப்ப நான் உங்க வாயைப் பாத்துட்டு உக்காந்திருந்தா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

"பாக்காம எப்படி விசில் இடது பக்கம்னு தெரிஞ்சுது?"

"பாக்கலைன்னு யாரு சொன்னா? அது பாக்காதப்ப பாக்கறோம். அது கதவைக் காட்டத் திரும்பும், அப்ப பாப்போம். ஜன்னல் கண்ணாடில தெரியும். தலை குனிஞ்சா கண்ணு போயிடுமா சார்? இன்னைக்குத்தான் நேராப் பாத்தோம். என்ன ஆச்சு? குழந்தை தடுமாறிப்போச்சு."

நாற்பத்துநாலு வயது மிஹோகோவைக் குழந்தை என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். குசுனோகி தாளைப் புரட்டிப் பார்த்தார். கென்சாகு சொன்னதை எழுத அதில் கட்டம் இல்லை. மூன்று பொருள் உரிய நேரத்தில் காட்டப்படவில்லை என்று உரிய இடத்தில் எழுதினார். பிறகு தாளின் ஓரத்தில், பயணிகள் கையால் செய்துகாட்டி நினைவூட்டினார்கள் என்று சின்ன எழுத்தில் எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. எண்ணிக்கை போதும், சாய்ட்சு அதே வழித்தடத்தில் இருக்கலாம். தவறவிட்டதற்காக அரைநாள் மறுபயிற்சி. தமாயோ மேசையைத் தாண்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது ஏதாவது சொல்லுடி."

"அரைநாள் பயிற்சிக்கு எந்த நாள்னு போடலையே" என்றாள் மிஹோகோ.

"உன்னையெல்லாம் கடல்ல தூக்கிப் போடணும்."

தமாயோ எல்லாரிடமும் பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். போதும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. அப்படிச் சொன்னால் அதுவே மரியாதைக் குறைவு என்று தீவில் நினைத்திருக்கலாம். அதனால் அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். மறுவாரமும் பார்த்தார்கள். ஃபுஜினோ அம்மாள் கண் ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது ஒரு கண்ணில் கட்டோடு மற்ற கண்ணால் பார்த்தார். குரல் தொடங்கியதும் முகங்கள் நிமிரும். மிஹோகோவுக்குக் காது மடல் சுடும். பெல்ட்டைக் கையில் எடுப்பாள். இப்போதெல்லாம் கொக்கி முதல் தடவையிலேயே மாட்டுவதில்லை. இரண்டாவது தடவை மாட்டுகிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள்.