செத்த நேரம் அவளைப் பிடிலே

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முத்தையா அண்ணன் வீட்டிலிருந்து செண்பகம் மதினி கத்தியது எனக்குக் கேட்டது. தெருவுக்கே கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே என்று நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துப் பால்காரர் வந்து, அவிய விழுந்து கிடக்காவ, அந்தம்மா போட்டு அடிச்சுக்கிட்டிருக்கு என்றார். ஓடினேன். அண்ணன் அடுக்களை வாசலில் கிடந்தார். "எந்திரி, எந்திரி" என்று மதினி அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார். உயிர் எப்போதோ போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

ராஜபாளையத்தில் அவரோடு மில்லில் வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அவரைப் போல ஒரு ஃபிட்டர் எங்கள் மில்லில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் லாரி இடித்து மதினிக்கு மண்டையில் அடிபட்டது. உயிர் தங்கியது, ஆள் மாறிப்போனார். எதற்கெடுத்தாலும் ஆத்திரம், கையில் கிடைத்ததை எடுத்து அடி. பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை என்று அண்ணன் வேலையை விட்டார். பொண்டாட்டியைச் சாக்கு வைத்துச் சும்மா இருக்கிறான் என்று டீக்கடையில் பேசினோம். பேசினோம் என்றால், நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "கொல்லுதான், கொல்லுதான்" என்று மதினி அலறினார். நாலு பேர் கதவை உதைத்துத் திறந்தோம். அண்ணன் அவர் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் முன்கோபக்காரன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடி என்னுடையது. பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். தெருவுக்கு இழுத்துவந்து ஆளாளுக்கு மிதித்தோம். அவர் கை ஓங்கவே இல்லை. அப்போது மதினி உள்ளேயிருந்து பித்தளைச் சொம்போடு ஓடிவந்தார். எங்களை விலக்கிவிட்டு, கீழே கிடந்தவர் மண்டையில் ஓங்கி அடித்தார். "கொல்லுதான்" என்று கத்திக்கொண்டே அடித்தார். அந்த வீட்டில் அடிக்கிறது யார், வாங்குகிறது யார் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "அடிச்சு முடிச்சாச்சா? செத்த நேரம் அவளைப் பிடிலே. நான் குளிச்சு மூணு நாளாச்சு" என்றார்.

பிடித்தேன். என் கழுத்தெல்லாம் நகக்கீறல். அவர் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே அழுதாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மதினிக்கு அரசு உதவித்தொகை கேட்டு எழுதிக்கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீசுக்கு இருவரையும் நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார் அங்கிருந்தவர். இவளைப் பார்த்துக்கிடுதேன் என்றார் அண்ணன். அது சரி, வேலை என்ன என்று மறுபடி கேட்டார். அதற்குள் மதினி திரும்பி அண்ணன் மூக்கில் குத்தினார். மூக்குக்கண்ணாடி தெறித்தது. ரத்தம் மேசைக் காகிதத்தில் சொட்டியது. அண்ணன் துடைக்கவில்லை. "இதான் சார் வேலை. எழுதிக்கோங்க" என்றார். அந்த மனிதர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனாலும் படிவத்தில் வேலை என்ற கட்டத்தில் 'இல்லை' என்றுதான் எழுதினார்.

கோபம் வராதா அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். "அடிக்கது அவ இல்லலே. அந்த லாரி இன்னும் இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் ஆளுக்கு ஆள் அவரைத் தெய்வம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெய்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவரும் ஒருநாள் மதினியைத் திருப்பி அடித்திருக்கிறார். அடித்துவிட்டு என் வீட்டுச் சுவரில் அந்தக் கையை மோதி மோதி உடைத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் யாராச்சும் வந்திருந்தா அடிச்சிருக்க மாட்டேம்லே" என்று அழுதார். பொறவுதான் நானும் என் வீட்டுக்காரியும் முறை வைத்துப் போக ஆரம்பித்தோம். மற்றவர்கள் கும்பிட்டதோடு சரி. தெய்வம் என்று சொல்லிவிட்டால் கூடமாட நிற்க வேண்டாம் பாருங்கள்.

மதினியின் தம்பி மகாராஜபுரத்தில் விவசாயம் பார்க்கிறார். கெட்டவர் இல்லை. அக்காவைத் தோட்டத்து மோட்டார் ரூமில் பூட்டிவைத்துச் சோறு போடுகிறேன், வருகிற வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். இங்கே பார்க்க ஆள் இருந்தால் இங்கேயே விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார்.

முத்தையா அண்ணன் பார்த்த வேலையில் நான் எடுத்துக்கொண்டது காலை ஆறு முதல் எட்டு வரை. நேற்று அதில் உதடு கிழிந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரை என் வீட்டுக்காரி, ராத்திரித் துணைக்கும் அவளே. பன்னிரண்டு முதல் இரண்டு வரை பால்காரர், அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மணிக்கு மேல் இருட்டும்வரை ஆள் இல்லை. அண்ணனை அறிந்தவர்களே, மாலையும் வேண்டாம், போஸ்டரும் வேண்டாம். வியாழக்கிழமைக்குள் ஒருவராவது வாருங்கள். மதினி அடிப்பார். வாங்கிக்கொள்ளுங்கள்.