பாக்கியம்மாவின் பந்தி

பாக்கியம்மாவின் வாயில் எந்நேரமும் பச்சரிசி இருக்கும். உலைக்குக் களையும்போது ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டால், அடுத்த உலை வரை கன்னத்தில் அடக்கி மென்றுகொண்டே இருப்பார். அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை கொட்டும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பொன்மலை மாதா கோயிலில் அவருக்குத் தாலி கட்டிய அன்று அடித்த மழையில் பந்தல் சரிந்து, மாப்பிள்ளை அடைக்கலராஜ் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பிய கதையைப் பெருமையாகச் சொல்வார்.

அந்த அடைக்கலராஜ் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பாக்கியமேரி காட்டூர்ப் பக்கம் ஓர் அறை பிடித்துக்கொண்டு, திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் கல்லூரி விடுதிக்குச் சமையலுக்கு வந்தார். துறையூரிலிருந்து நான் பி.எஸ்ஸி. படிக்க வந்து சேர்ந்த 1958-இல் சமையற்கட்டு மொத்தமும் அவர் ராஜ்யமாக இருந்தது. கூடமாட ஒத்தாசைக்குப் பாப்பாயி என்று ஒருத்தி. மாணவிகளுக்கு அவர் பாக்கியம்மா. அவருக்கு நாங்கள் அத்தனை பேரும் பாப்பா.

நல்ல கோபக்காரி. தட்டில் சோற்றை மீதம் வைத்தால், உங்க அப்பா என்ன ஜமீன்தாரா என்று கேட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக் கோஷ்டியைவிட ஒரு வரி முந்திப் பாடுவார். யாருக்கும் பயப்படாதவர், ஊசிக்கு மட்டும் நடுங்குவார். அம்மை குத்த முனிசிபாலிட்டி ஆள் வந்த அன்று விறகுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டு, ஆள் போனபின்தான் வெளியே வந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எதிரெதிராக இரண்டு நீள வரிசைகள். பரிமாறுவதில் பாக்கியம்மாவுக்கு ஒரே சட்டம்தான்: ஒருத்திக்கு வைத்தது எல்லாருக்கும். பந்தி வஞ்சனையைப் போல ஒரு பாவம் அவருக்குக் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் மன்னித்தாலும் மன்னிப்பார், நான் மன்னிக்க மாட்டேன் என்பார். எல்லாரும் எழுந்து போனபின், அடியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொண்டு அவரும் பாப்பாயியும் சாப்பிடுவார்கள். அதை நாங்கள் யாரும் நின்று பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ரோசரி மிஸ் தன் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

ரோசரி மிஸ் மனையியல் விரிவுரையாளர். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். காலை வகுப்பில் பெண்கள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, எங்களுக்கெல்லாம் ரத்தசோகை என்று முடிவுகட்டினார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மையொற்றும் தாளில் வைத்து, வெளிர் ரோஜாவிலிருந்து அடர்சிவப்பு வரை வரிசையாக நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட்டார். பெரும்பாலான சொட்டுகள் வெளுத்த பக்கமே நின்றன.

அதற்கு மருந்தாக எள், கடலை, வெல்லம், காயவைத்து இடித்த முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்து ஓர் உருண்டை. சாயங்காலக் காபியோடு இடப்பக்க வரிசைக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டும். வலப்பக்கத்துக்குக் கூடாது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் மறுபடி குத்திப் பார்த்து, இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரிந்தால் மிஸ்ஸின் ஆராய்ச்சிக் கட்டுரை சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. வித்தியாசத்தைக் கண்ணால் காட்டினால் விடுதி முழுவதற்கும் என்றைக்கும் உருண்டை போடுவதாக விடுதித் தலைவியான எங்கள் மதர் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் உருண்டைக்கு வாங்கும் கடலை மூட்டை அதோடு நின்றுபோகும்.

"சோறு போட்டா தெம்பு வருமான்னு தெரிஞ்சுக்க இவ்வளவு படிப்பா மிஸ்?" என்று பாக்கியம்மா கேட்டார். ஆனாலும் சொன்னபடி செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

நான் வலப்பக்கம். எனக்கு நேர் எதிரே என் தோழி சுராயா. முதல் நாள் பாக்கியம்மா அவள் தட்டில் உருண்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டு சமையற்கட்டுக்குள் போனவர், காபி கொண்டுவரப் பாப்பாயியை அனுப்பினார். ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குழம்பில் உப்புக் கூடியது, ரசத்தில் புளி மறந்தது. நான் வேண்டுமென்றே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டதும் உண்டு. உருண்டை வாசனை அப்படி.

அடுத்த வாரம் டம்ளர் கழுவக் குழாயடிக்குப் போனேன். பாக்கியம்மா தொட்டிக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, என் உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்து விரல்களை மூடினார். வேளாங்கண்ணி மாதா மேல் ஆணை, மிஸ்ஸிடம் மூச்சுவிடக் கூடாது என்றார். எனக்குப் பின்னால் வந்தவளுக்கும் கிடைத்தது, அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் கிடைத்தது. வலப்பக்க வரிசை அத்தனையும் அன்று முதல் டம்ளர் கழுவுவதில் அலாதி அக்கறை காட்டியது. எலுமிச்சங்காய் அளவிருந்த உருண்டை நெல்லிக்காயாகச் சுருங்கியது மட்டும் ரோசரி மிஸ் கண்ணில் பட்டது. காந்தி மார்க்கெட்டில் ஏமாற்றுகிறார்கள் மிஸ் என்று பாக்கியம்மா கூசாமல் சொல்லிவிட்டார்.

டிசம்பரில் எங்கள் விரல்களை மறுபடி குத்தினார்கள். எல்லாருடைய சொட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. இடப்பக்கமும் சிவப்பு, வலப்பக்கமும் அதே சிவப்பு. மதர் இரண்டு தாள்களையும் பார்த்தார். உருண்டை தின்னாதவர்களும் தேறியிருக்கிறார்கள் என்றால் இது காவிரித் தண்ணீரின் குணம், உருண்டைக்கு இதில் வேலையில்லை, மூட்டையை நிறுத்திவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது.

ரோசரி மிஸ் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, ஆராய்ச்சி தோற்றுவிட்டது, நாளையிலிருந்து உருண்டை கிடையாது என்று சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நாங்கள் குற்றவாளிகளைப் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாக்கியம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"ரெண்டு பக்கத்துக்கும் நான்தான் குடுத்தேன் மிஸ். ஒரு பக்கம் வச்சு ஒரு பக்கம் வைக்காம இருக்க என் கையால முடியல."

மிஸ்ஸுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இவர்கள் நன்மைக்குத்தானே சில மாதம் பொறுக்கச் சொன்னேன், இனி எதைக் காட்டி மதரிடம் கேட்பேன் என்று கத்தினார். தின்னாத ஒருத்தி, ஒரே ஒருத்தியாவது இந்த விடுதியில் மிஞ்சியிருக்கிறாளா என்று வரிசை வரிசையாகப் பார்த்தார்.

எண்ணி உருட்டிய உருண்டை அத்தனையும் எங்கள் இரண்டு வரிசைக்கே போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாக்கியம்மா ஒரு நாளும் தின்னதில்ல மிஸ்" என்றேன்.

ஊசியைப் பார்த்ததும் பாக்கியம்மா விறகுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார். நானும் சுராயாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னார். சொட்டு தாளில் விழுந்து பரவியது. மிஸ் அட்டையை அதன் அருகே வைத்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அட்டையின் முதல் நிறம் வெளிர் ரோஜா. இந்தச் சொட்டு அதைவிட வெளுத்திருந்தது.

மிஸ்ஸின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பாக்கியம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். கன்னத்தில் அடக்கியிருந்த அரிசியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை வருஷமாக இந்தப் பழக்கம் என்று கேட்டார். சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்போதாவது, வீட்டுக்காரர் போனதிலிருந்து எந்நேரமும் என்றார் பாக்கியம்மா. ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி அரிசி மேல் ஆசை வரும் என்று மிஸ் எங்களிடம் சொன்னார். அதைத்தான் நாங்கள் மழை என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

"பந்தி வஞ்சனை பண்ண மாட்டேன்னீங்களே பாக்கியம்மா. உங்களுக்கு மட்டும் பண்ணிட்டீங்களே" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் சொட்டும் பாக்கியம்மாவின் சொட்டும் பக்கம் பக்கமாக இருந்த தாளை மிஸ் மதரிடம் எடுத்துக்கொண்டு போனார். இதை ஆராய்ச்சி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் மதர், ஆனால் இரண்டு பேரும் குடித்தது ஒரே காவிரித் தண்ணீர்தான், பாருங்கள் என்றாராம். மதர் அட்டையை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தாராம். மிஸ்ஸின் கட்டுரை சென்னைக்குப் போகவில்லை. மறு வருஷம் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கினார். கடலை மூட்டை மட்டும் நிற்கவில்லை.

அன்று முதல் வலப்பக்க வரிசையின் ஓரத்தில் இரண்டு தட்டுகள் கூடின. பாக்கியம்மாவும் பாப்பாயியும் உட்காராமல் நாங்கள் கையை வைக்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தோம். முறை வைத்து நாங்களே பரிமாறினோம். பாக்கியம்மா முள்மேல் உட்கார்ந்ததுபோல நெளிந்துகொண்டு, கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்று பரிமாறுகிறவளைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார். தவக்காலத்தில் இனிப்புத் தின்னக் கூடாது என்று தப்பிக்கப் பார்த்தார். அது இனிப்பல்ல, மருந்து என்று மதர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் சமையற்கட்டுக்குப் போனேன். பாக்கியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கோயிலில் பழகிக்கொண்டிருந்த பாட்டுக் கோஷ்டியைவிட இன்னும் ஒரு வரி முந்தித்தான் பாடிக்கொண்டிருந்தார். முந்தானையில் முடிச்சைக் காணோம்.

"அரிசி எங்க பாக்கியம்மா?"

உலையைக் காட்டப்போனவர், நான் எதைக் கேட்கிறேன் என்று புரிந்து, ஈரக் கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மறந்தே போயிட்டேன் பாப்பா" என்றார்.